900-க்கு 680 விண்டோ கேட்டால் ஏன் 900-க்கு 680 கிடைப்பதில்லை?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீன் கம்பெனிகளில் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கம்ப்யூட்டரும் இருக்கிறது. படகு கரைக்கு வந்ததும் நண்டு எத்தனை கிலோ, கணவாய் எத்தனை கிலோ, இறால் என்ன ரகம் என்று அடித்து, டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழித்து, படகுக்காரருக்குச் சேர வேண்டிய மீதியைச் சொல்லும் சின்ன புரோகிராம். பெரும்பாலும் தெரிந்த பையன் யாராவது பைத்தானில் எழுதிக் கொடுத்திருப்பான். அப்படி ஒன்றைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது கண்ட கோளாறுகள்தான் இந்தக் கட்டுரை. ஒரே புரோகிராம்தான். கணக்கர் மேசை டெஸ்க்டாப்பில் கச்சிதமாகத் திறக்கிறது, முதலாளியின் லேப்டாப்பில் கீழே இருக்க வேண்டிய 'பதிவு செய்' பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது, லினக்ஸ் போட்ட இன்னொரு மெஷினில் ஓர் அளவில் எட்டிப் பார்த்துவிட்டு உடனே வேறு அளவுக்குத் தாவுகிறது. "தம்பி, பட்டனையே காணோம், பில்லை எப்படிப் போடுறது?" என்று முதலாளி கேட்டதற்கு நியாயமான பதில் வேண்டும்.

நிரலில் எழுதியிருந்தது என்னவோ மிக எளிமையானது: அகலம் 900, உயரம் 680. எழுதியவன் அதை ஒரு கட்டளை என்று நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அது கடற்கரை ஏலத்தில் கேட்கிற விலை மாதிரிதான், படிகிற விலை வேறு. நடுவில் குறைந்தது நாலு பேர் கை வைக்கிறார்கள்: பட்டன்களையும் பெட்டிகளையும் வரையும் டூல்கிட், உள்ளே இருக்கும் எழுத்துரு, தலைப்புப் பட்டையையும் ஓரச் சட்டத்தையும் மாட்டும் விண்டோ மேனேஜர், கடைசியாகத் திரையின் ஸ்கேலிங், அதாவது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் விகிதம். இவர்களில் கடைசியாக அளவை மாற்றியவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் 680-ஐ 640 ஆக்கிப் பார்ப்பது, 'அரை நொடி கழித்து மறுபடி அளவை வை' என்று ஒரு டைமரைச் செருகுவது எல்லாம் என் கணக்கில் பிழை திருத்தம் இல்லை. அது அடுத்த மெஷினில் வேறு ரூபத்தில் வந்து நிற்கும்.

முதலில் பட்டன் காணாமல் போன கதை. விண்டோஸில், ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்பதுதான் 100 சதவீதம். 120 என்றால் 125 சதவீதம், 144 என்றால் 150. முதலாளியின் லேப்டாப் திரை 1366-க்கு 768, எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று யாரோ ஸ்கேலிங்கை 125 ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்கேலிங்கை மதிக்கும் புரோகிராமின் கண்ணுக்கு அந்தத் திரை இப்போது ஏறத்தாழ 1093-க்கு 614தான். இதில் கீழே உள்ள பணிப்பட்டைக்கு விண்டோஸ் 10-ல் 40 போகும், மேலே தலைப்புப் பட்டைக்குக் கொஞ்சம் போகும். மிச்சமிருக்கிற இடத்தில் 680 உயரம் எப்படி அடங்கும்? பட்டன் எங்கேயும் ஓடிவிடவில்லை, திரையின் விளிம்புக்குக் கீழே நிற்கிறது. கணக்கரின் டெஸ்க்டாப்பில் ஸ்கேலிங் 100, அதனால் அங்கே சத்தம் இல்லை.

ஸ்கேலிங்கை மதிக்காத பழைய புரோகிராம் என்றால் கதை வேறு. தனக்கு ஸ்கேலிங் தெரியும் என்று ஒரு புரோகிராம் அறிவிக்காவிட்டால், விண்டோஸ் அதனிடம் 'உன் திரை 96 டிபிஐ' (அங்குலத்துக்கு 96 புள்ளிகள்) என்று சும்மா சொல்லிவிட்டு, அது வரைந்து கொடுத்த படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே விகிதத்தில் இருக்கும். இதில் வேடிக்கை, வரைபடம் போடும் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து 'எங்களுக்கு ஸ்கேலிங் தெரியும்' என்று அறிவித்துவிட்டால், இழுத்துப் பெரிதாக்கும் வேலை அந்த நொடியே நின்று, திறந்திருந்த விண்டோ பொசுக்கென்று சுருங்கிவிடும். மாத அறிக்கையின் வரைபடத்தைத் திறந்தால் மட்டும் முகப்பு சின்னதாகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த அறிவிப்பைப் புரோகிராமின் முதல் வரிகளிலேயே, விண்டோ எதையும் உருவாக்குவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

டூல்கிட்டின் பதிப்பும் இதில் விளையாடும். க்யூட்டி (Qt) என்ற டூல்கிட்டின் 5-வது பதிப்பில் உயர் டிபிஐ வசதியைப் போட்டுவிட்டால் ஸ்கேலிங்கை முழு எண்ணாக்கிவிடும்: 125 என்பது 100 ஆகும், 150 என்பது நேரே 200-க்குத் தாவும். க்யூட்டி 6 அந்த வசதியைத் தானே போட்டுக்கொள்கிறது, பின்னத்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆகவே நிரலில் ஒரு வரிகூட மாறாமல், நூலகத்தைப் புதுப்பித்ததற்கே விண்டோவின் அளவு மாறும். போதாததற்கு, உள்ளடக்கத்துக்கேற்ப அளவை நீயே வைத்துக்கொள் என்று க்யூட்டியிடம் விட்டால், அது திரையின் அகல உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. பெரிய மானிட்டரில் முழுசாகவும் சின்ன லேப்டாப்பில் நறுக்கியும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் முகப்பு வைப்பவர்களுக்கு எழுத்துருவால் தனித் தலைவலி உண்டு, ஆங்கிலத்தில் எழுதி ஆங்கிலத்திலேயே சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லையென்றால் சிஸ்டம் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டும். விண்டோஸில் நிர்மலா யூஐ, லினக்ஸில் லோகித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ. ஒவ்வொன்றுக்கும் வரி உயரம் வேறு. ஒரு வரிக்கு நாலு பிக்சல் கூடினாலும் பதினைந்து வரிப் படிவத்தில் அறுபது பிக்சல் ஏறிவிடும், லேஅவுட்டின் (பெட்டிகளை அடுக்கும் அமைப்பின்) குறைந்தபட்ச உயரம் நீங்கள் கேட்டதைத் தாண்டிவிடும், டூல்கிட் உங்கள் எண்ணை ஓரமாக வைத்துவிட்டுக் குறைந்தபட்சத்தையே எடுத்துக்கொள்ளும். 680 கேட்டு 724 கிடைப்பது இப்படித்தான். பைத்தானோடு சேர்ந்தே வரும் டிகின்டர் என்ற டூல்கிட்டில் இன்னொரு வில்லங்கம்: பெட்டியின் அகலம் 20 என்று கொடுத்தால் அது 20 எழுத்து இல்லை, '0' என்ற இலக்கத்தின் அகலத்தைப் போல் 20 மடங்கு. 'நீலக்கால் நண்டு', 'சிங்கி இறால்' என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அதோடு டிகின்டரில் எழுத்துரு அளவைக் கூட்டல் எண்ணாகக் கொடுத்தால் அது பாயின்ட், கழித்தல் எண்ணாகக் கொடுத்தால் பிக்சல். எழுத்தைப் பாயின்டிலும் சட்டத்தைப் பிக்சலிலும் வைத்தால், ஸ்கேலிங் கூடும்போது எழுத்து மட்டும் வளரும், சட்டம் அப்படியே நிற்கும், எழுத்தின் வால் வெட்டுப்படும்.

மீன் பெயர்ப் பட்டியல் தரவுத்தளத்திலிருந்து வருகிறதென்றால் அது எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். காலிப் பெட்டியோடு அளந்துவிட்டு, அப்புறம் பெயர்களை நிரப்பினால், கண் முன்னாலேயே விண்டோ ஒருமுறை குதிக்கும்.

லினக்ஸ் மெஷினில் நடந்த தாவலுக்குப் போவோம், இங்கேதான் அடிப்படையே புரியும். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-ல் எம்ஐடியில் தொடங்கியது, இன்றும் புழக்கத்தில் இருக்கும் 11-வது பதிப்பு 1987-ல் வந்தது. அதை வடிவமைத்தவர்கள் ஒன்றில் தெளிவாக இருந்தார்கள்: திரையைக் கையாளும் சர்வர் வரைவதற்கான வழியை மட்டும் கொடுக்கும், விண்டோ எப்படி இருக்க வேண்டும் என்ற கொள்கையைச் சொல்லாது. அந்தக் கொள்கையை வைத்திருப்பது விண்டோ மேனேஜர் என்ற தனிப் புரோகிராம். நீங்கள் 900-க்கு 680 கேட்டால் சர்வர் அந்தக் கோரிக்கையை விண்டோ மேனேஜரிடம் திருப்பிவிடும். அது ஏற்கலாம், குறைக்கலாம், திரையைப் பாகம் பாகமாகப் பிரித்துவைக்கும் ரகமாக இருந்தால் காதிலேயே போட்டுக்கொள்ளாமலும் இருக்கலாம். முடிவு பிறகு ஒரு நிகழ்வாக உங்களுக்கு வந்து சேரும். கேட்டதற்கும் தெரிந்துகொள்வதற்கும் இடையே நேரம் இருக்கிறது, அந்த இடைவெளியில் 'இப்போது என் அகலம் என்ன' என்று கேட்டால் அர்த்தமற்ற பதில்தான் வரும். டிகின்டரில் விண்டோவை உருவாக்கிய கையோடு அகலத்தைக் கேட்டால் 1 என்று வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். லேஅவுட் இன்னும் ஓடவில்லை, அவ்வளவுதான். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இன்னும் கறார்: எல்லா விண்டோவையும் தொகுத்துத் திரையில் காட்டும் கம்போசிட்டர்தான் அளவைப் பரிந்துரைக்கும், 0-க்கு 0 என்று அனுப்பினால் 'உன் இஷ்டம்' என்று பொருள், திரையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே புரோகிராமுக்குத் தெரியாது.

மூன்று மெஷினுக்கும் பொதுவாக ஒரு கோளாறும் இருந்தது. போன முறை இருந்த இடத்திலேயே திறக்க வேண்டும் என்பதற்காக இடத்தையும் அளவையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தான் பையன். விண்டோஸ் மெஷின் இரண்டிலும், எக்ஸில் ஓடிய அந்த லினக்ஸிலும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விண்டோ ஒரு தலைப்புப் பட்டை அளவுக்கு மேலே ஏறியது. க்யூட்டியில் இடத்தைக் கேட்டால் சட்டத்தோடு சேர்த்த மூலையைச் சொல்லும்; ஆனால் இடத்தையும் அளவையும் ஒன்றாக வைக்கும் அழைப்பு சட்டத்தை நீக்கிய உள்மூலையை எதிர்பார்க்கும். வெளியளவை எடுத்து உள்ளளவாகத் திருப்பிக் கொடுத்தால், இடம் என்றால் நழுவும், அளவு என்றால் திறக்கத் திறக்க வளரும். எக்ஸில் விண்டோ மேனேஜர் சட்டத்தை மாட்டும்வரை அதன் தடிமனே தெரியாது என்பதால் கழித்துக் கொடுப்பதும் முடியாது. க்யூட்டியே தரும் சேமி, மீட்டெடு என்ற இணையைப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கு நம் தலையில் விழாது. விண்டோஸ் 10-ல் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடி விளிம்பும் உண்டு, அதனால் ஸ்க்ரீன்ஷாட்டில் அளந்த அகலமும் சிஸ்டம் சொல்லும் அகலமும் ஒத்துப்போகாது. அளக்கிறவர் மேல் தப்பில்லை.

சேமித்த எண்ணில் -32000 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். சுருக்கி வைத்த விண்டோவை விண்டோஸ் அந்த மூலைக்குத்தான் அனுப்பும். சுருக்கிய நிலையிலேயே மூடும்போது இடத்தைக் குறித்திருக்கிறார்கள். கம்பெனியில் டிவியை இரண்டாவது திரையாக மாட்டிவிட்டு, லேப்டாப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனால், விண்டோ இல்லாத திரையில் போய்த் திறப்பதும் இதே குடும்பம். பணிப்பட்டையில் பெயர் இருக்கும், ஆளைக் காணோம். அவசரத்துக்கு ஆல்ட்டோடு ஸ்பேஸ், பிறகு எம், பிறகு அம்புக்குறி.

கண்டுபிடிக்கும் வேலைக்கு நான் செய்வது இதுதான்: திறந்ததும் ஒரு பதிவுக் கோப்பில் கேட்ட அளவு, லேஅவுட்டின் குறைந்தபட்ச அளவு, ஸ்கேலிங், திரையில் பணிப்பட்டை போக மீதியிடம் ஆகியவற்றை எழுதவைத்து, அப்புறம் அளவு மாறும் ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு குறிப்பது. கேட்டதும் குறைந்தபட்சமும் மோதினால் எழுத்துரு அல்லது லேஅவுட். முதல் நிகழ்விலேயே எண் மாறி வந்தால் விண்டோ மேனேஜர். எண் சரியாக இருந்தும் கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தால் ஸ்கேலிங். புரோகிராமைக் கமாண்டு விண்டோவிலிருந்து ஓட்டினால், விண்டோஸில் க்யூட்டியே கேட்ட அளவையும் கிடைத்த அளவையும் போட்டு எச்சரிப்பதுண்டு. எக்ஸில் எக்ஸ்வின்இன்ஃபோ என்ற கட்டளை நிஜ அளவைக் காட்டும், எக்ஸ்பிராப் என்ற கட்டளை குறைந்தபட்சம், அதிகபட்சம், எத்தனை பிக்சல் படியாக மாறலாம் என்பதுவரை சொல்லும். டெர்மினல் விண்டோ எழுத்து எழுத்தாகத்தான் அகலும் என்பதைக் கவனித்திருந்தால், அது இந்தக் கடைசிக் குறிப்பின் வேலை.

முதலாளியின் லேப்டாப்பில் ஸ்கேலிங்கைக் குறைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அவர் கண்ணுக்கு அதுதான் வசதி. எடைப் பட்டியலைச் சுருள் பகுதிக்குள் போட்டு, 'பதிவு செய்' பட்டனை அதற்கு வெளியே தனி வரியாக வைத்து, தொடக்க உயரத்தைத் திரையில் மீதியிருக்கும் இடத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும்படி மாற்றியாயிற்று. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பட்டன் கீழேயே நிற்கிறது.