'பயனுள்ள டோஸ்' இல்லைங்க, 'விளைவு டோஸ்'

சிடி ஸ்கேன் பத்தித் தமிழ்ல எதை எடுத்துப் படிச்சாலும் "வயிற்று ஸ்கேனின் பயனுள்ள டோஸ் சுமார் 8 மில்லிசீவர்ட்"னு போட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல 'எஃபெக்டிவ் டோஸ்'ங்கறதைத்தான் இப்படி மொழிபெயர்க்கறாங்க, மில்லிசீவர்ட்ங்கறது அதை அளக்கற அலகு. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க, ஏதோ உடம்புக்கு நல்லது பண்ற அளவு போல, அதுக்குக் கீழ போனா வேலை செய்யாது போலன்னுதானே? ஆனா அது கதிர்வீச்சால பிற்காலத்துல புற்றுநோய் வர்ற வாய்ப்பை ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக வெச்சிருக்கற அளவு. அர்த்தம் அப்படியே தலைகீழாப் போயிடுது.

டோஸ் கிரேக்கத்துல இருந்து வந்தது, 'கொடுக்கறது'ன்னு பொருள். தமிழ்ல ஏற்பளவுன்னு நல்ல சொல்லே இருக்கு, அதாவது உடம்பு ஏத்துக்கிட்ட அளவு. டோஸ்னே எழுதினாலும் எனக்குச் சண்டை இல்ல, "மேனேஜர்கிட்ட டோஸ் வாங்கினான்"னு பேசற ஊர்ல அது வாங்கிக்கிற சமாச்சாரம்னு எல்லாருக்கும் புரியும். வம்பெல்லாம் முன்னாடி ஒட்டற 'பயனுள்ள'தான். எஃபெக்டிவ்ங்கறது 'விளைவி'ன்னு பொருள் தர்ற லத்தீன் வினையில இருந்து வந்தது, விளையறது நல்லதா கெட்டதான்னு அது சொல்றதே இல்ல.

எதுக்கு அந்த அடைமொழின்னு பார்த்தாலே விஷயம் தெளிவாயிடும். எல்லா உறுப்புலயும் கதிர்வீச்சு ஒரே அளவுக்குப் புற்றுநோயை உண்டாக்காது. அதனால சர்வதேச கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007 பரிந்துரையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை, அதாவது மொத்த ரிஸ்க்ல அந்த உறுப்போட பங்கைக் காட்டற எண், குடுத்திருக்கு: நுரையீரல், வயிறு, பெருங்குடல், மார்பகம், சிவப்பு மஜ்ஜை இதுக்கெல்லாம் 0.12, தைராய்டுக்கு 0.04, தோலுக்கு 0.01. தைராய்டு மட்டும் 10 மில்லிசீவர்ட் வாங்குச்சுன்னா பெருக்கிப் பார்த்தா 0.4 வரும், அதாவது உடம்பு முழுக்கச் சீரா 0.4 வாங்கினா என்ன ரிஸ்க்கோ கிட்டத்தட்ட அதே ரிஸ்க். இதுல பயன் எங்க இருக்கு, சொல்லுங்க?

"பயன்னா பலன், வினைப்பயன்னு சொல்றோமே, அதுல கெட்டதும் அடக்கம்தானே"ன்னு சிலர் வாதாடுவாங்க. வாஸ்தவம்தான், வினைப்பயன்ல கெட்டதும் உண்டு. ஆனா அது பெயர்ச்சொல்லா நிக்கறப்பதான், 'பயனுள்ள'ன்னு அடைமொழி ஆக்கிட்டா இன்னைக்குத் தமிழ் பேசற யாருக்கும் உபயோகமானதுங்கற ஒரே அர்த்தம்தான், பயனுள்ள தகவல், பயனுள்ள புத்தகம். 'பயனுறு'ன்னு மாத்தினாலும் அதே கதை. மாறுமின்னோட்டத்துல பயனுறு மதிப்புன்னு சொல்றோம், அங்க மின்சாரத்தை நாம பயன்படுத்தறோம், சரியாப் பொருந்துது. இங்க பயன்படுத்த என்ன இருக்கு? 'செயலுறு டோஸ்'னு ஒண்ணும் பார்த்தேன், எது செயலுறுதுன்னே புரியல. விளைவு டோஸ், இல்லன்னா விளைவு ஏற்பளவு, இதுல என்ன குறை?

மொழிபெயர்க்கறவங்க அகராதியில முதல்ல இருக்கற சொல்லை எடுத்து ஒட்டிட்டுப் போயிடறாங்க, அந்த வாக்கியம் என்ன சொல்லுதுன்னு பார்க்கறதில்ல. இந்த மாதிரிக் கட்டுரையிலயே எக்ஸ்ரே மெஷின்ல இருந்து 'கதிரியக்கம்' வருதுன்னும் இருக்கும். கதிரியக்கம்ங்கறது யுரேனியம் மாதிரி நிலையில்லாத அணுக்கரு தானா சிதையறது, எக்ஸ்ரே மெஷின்ல வர்றது வெறும் கதிர்வீச்சு, சுவிட்சை அணைச்சா நின்னுடும், உடம்புல தங்காது. சிடி ஸ்கேனும் எக்ஸ்ரேதான். ஸ்கேன் எடுத்துட்டு வந்தவங்க குழந்தையைத் தூக்கவே பயப்படறாங்கன்னா இந்த மாதிரி எழுத்துக்கும் அதுல பங்கு இருக்கு.

ரிஸ்க் எவ்வளவுன்னு கணக்கையும் சொல்லிடறேன். ஒரு சீவர்ட்டுக்கு, அதாவது 1000 மில்லிசீவர்ட்டுக்கு, உயிர் போற புற்றுநோய் ரிஸ்க் சுமார் 5 சதவீதம் கூடும்னு அந்த ஆணையம் எடுத்துக்குது, டோஸ் குறையற அதே விகிதத்துல ரிஸ்க்கும் குறையும்னு அதையே நேர்கோடா கீழ இறக்கினா 8 மில்லிசீவர்ட்டுக்கு 2500 பேர்ல ஒருத்தர். நேர்கோடுங்கறது பாதுகாப்புக்காக வெச்சுக்கிட்ட அனுமானம், 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழ ஹிரோஷிமா, நாகசாகியில தப்பிப் பிழைச்சவங்களை வெச்சு நடந்த ஆய்வுலகூட ரிஸ்க்கைத் தெளிவாப் பிரிச்சுக் காட்டறது கஷ்டம். இயற்கையாவே உலக சராசரியில வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் நாம எல்லாரும் வாங்கிட்டுத்தான் இருக்கோம். அதோட விளைவு டோஸ் வயசு, ஆண் பெண் எல்லாம் கலந்த சராசரிக் கணக்கு, அதை வெச்சு "எனக்கு இத்தனை சதவீதம்"னு தனி ஆளுக்குச் சொல்ல முடியாது, குழந்தைங்களுக்கு ரிஸ்க் இன்னும் கூட. டாக்டர் தேவைன்னு சொன்ன ஸ்கேனை எடுத்துக்கங்க, அதோட பயன் நோயைக் கண்டுபிடிக்கறதுல இருக்கு, வாங்கற டோஸ்ல இல்ல.