மயக்க டாக்டர் சாதி கேட்டா கோபப்படாதீங்க

ஆபரேஷனுக்கு முன்னாடி சுகர், பிரஷர், ஆடுற பல்லு எல்லாம் விசாரிச்சுட்டு சில பேர்கிட்ட மட்டும் "தப்பா நினைக்காதீங்க, நீங்க ஆரிய வைசியரா, அதாவது கோமுட்டிச் செட்டியாரா?"ன்னு கேட்பேன். மூஞ்சி மாறிடும். ஒரு அம்மா "மயக்க ஊசிக்கும் சாதிக்கும் என்ன சார் சம்பந்தம்"னு நேராவே கேட்டாங்க, நியாயமான கேள்விதான்.

சம்பந்தம் சக்சினைல்கோலின்ங்கிற மருந்துல இருக்கு, தியேட்டர்ல ஸ்கோலின்னு சொல்வோம். தொண்டையில டியூப் போட வசதியா ஒரு நிமிஷத்துக்குள்ள தசையெல்லாம் தளர வைக்கும், மூச்சு விடுற தசையும் சேர்த்துதான். ரத்தத்துல இருக்குற சூடோகோலினெஸ்டரேஸ்ங்கிற என்சைம் அதை உடனே உடைச்சிடுறதால 10 நிமிஷத்துக்குள்ள மூச்சு தானா திரும்பிடும். ஆரிய வைசியர்கள்ல சில பேருக்கு அந்த என்சைம் கிட்டத்தட்ட பூஜ்யம், அந்த என்சைமை உண்டாக்குற பிசிஎச்ஈ ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினதுதான் காரணம், தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளேயே கல்யாணம் பண்ணினதுல அந்த ஜீன் அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுல இருந்தும் வந்து சேர்ந்துடுது.

அப்போ என்ன ஆகும்னா, ஆபரேஷன் முடிஞ்சு மயக்க வாயுவை நிறுத்தியாச்சு, பேஷன்ட் மூச்சே இழுக்கல, மணிக்கட்டுல நரம்பைத் தூண்டிப் பார்க்குற நர்வ் ஸ்டிமுலேட்டர் வச்சா கட்டைவிரல் துடிக்கல, அப்படியே மணிக்கணக்கா போகும். வென்டிலேட்டர்ல வச்சிருந்தா உயிருக்கு பயமில்ல. ஆனா மறுபடி தூக்க மருந்து கொடுக்காம விட்டா ஆளு முழு நினைவோட, கண்ணு கூட திறக்க முடியாம கிடப்பாங்க, அது கொடுமை. இவங்களுக்கு டோஸ் குறைச்சு போடுறதுங்கிற பேச்சே கிடையாது, அந்த மருந்தையே தொடக்கூடாது. அதுக்கு பதிலா தசையைத் தளர வைக்க ரோக்யூரோனியம் இருக்கு, அதோட வேலையை முறிக்க சுகமாடெக்ஸும் இருக்கு.

செட்டியார்னு சொன்னாலே பயப்பட வேண்டாம், நாட்டுக்கோட்டைச் செட்டியார் வேற சமூகம். ஆரிய வைசியர்லயும் எல்லாருக்கும் இருக்காது, மத்த சமூகத்துல அபூர்வமா வரவும் செய்யும், அதனால சாதியை வச்சு மட்டும் நாங்க முடிவு பண்றதில்ல. பூச்சிமருந்து குடிச்சவங்களுக்கு எடுக்குற அதே கோலினெஸ்டரேஸ் ரத்த டெஸ்ட் போதும். அவசர சிசேரியன்ல அதுக்கும் நேரம் இருக்காது, அப்போ "எங்க சித்திக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரொம்ப நேரம் மூச்சு வரல"ங்கிற ஒரு வரிதான் எங்களுக்கு துப்பு.

ஏற்கெனவே உங்களுக்கு அப்படி ஆகியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரியில மருந்து பேரோட எழுதி வாங்குங்க. கூடப்பொறந்தவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, அவங்க ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு.