550 கம்பி போட்டால் வீடு உறுதியாகிவிடுமா?

கடலூரில் வீடு கட்டுகிறவர்கள் கம்பிக் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "500-ஆ, 550-ஆ?" எண் கூடினால் கம்பி உசத்தி என்று ஒரு நினைப்பு. சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவையில் கம்பி மீளாமல் நீளத் தொடங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 16 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ. ஆகவே 500 தரக் கம்பி சுமார் 10 டன் இழுவை வரை பழைய நீளத்துக்குத் திரும்பும்.

அந்த எல்லையைத் தாண்டிய பிறகு எவ்வளவு நீண்டு அறுகிறது? கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1786 சொல்லும் சோதனையில் 16 மி.மீ. கம்பியில் 80 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு குறி போட்டு, அறும்வரை இழுப்பார்கள். அறுந்த துண்டுகளைப் பொருத்தி அளந்தால் 500-க்குக் குறைந்தது 89.6 மி.மீ. இருக்க வேண்டும். 550-க்கு 88 போதும். கூடுதலாக நீண்டு கொடுக்கும் வகையான 500டி-க்கோ 92.8 வேண்டும். கந்தகமும் பாஸ்பரஸும் கூடினால் கம்பி நொறுங்கும் சுபாவம் பெறும். இரண்டும் சேர்ந்து 500-ல் 0.105 சதவீதம் வரை இருக்கலாம், 500டி-யில் 0.075 தான். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நீண்டு கொடுக்கும் கம்பிதான் காப்பாற்றும்.

டிஎம்டி (சூட்டிலேயே உருட்டிப் பதப்படுத்திய) கம்பி சிவக்கச் சிவக்க உருளைகளிலிருந்து வெளிவந்ததும் நீர்ப்பெட்டிக்குள் பாயும். மேல்தோல் சட்டென்று இறுகும். உள்சூடு பின்னர் வெளியே பரவி அந்தத் தோலைப் பதப்படுத்தும். குறுக்கே அறுத்து மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைத் தடவினால் ஓரத்தில் கரிய வளையம் தெரியும். வளையம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் தண்ணீர் சீராகப் படவில்லை என்று பொருள். வளைவு தப்பிப்போன கம்பியை நெருப்பில் காட்டி நிமிர்த்தினால் இந்தப் பதம் போய்விடும்.

எந்தத் தரமானாலும் விறைப்பு ஒன்றே. சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் ஏற்றினால் ஒரு மீட்டர் கம்பி 1.25 மி.மீ. நீளும், 550 என்பதற்காகக் குறைவாக நீளாது. எனவே 550-ஐ நம்பிக் கம்பியைக் குறைத்தால் மிச்சமுள்ள ஒவ்வொன்றும் அதிகம் நீளும், கான்கிரீட் விரிசல் அகலும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இது வினை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்து தள்ளிவிடும். இரண்டு மாடி வீட்டுக்கு 500டி தாராளம். மிச்சப் பணத்தைக் கவர் பிளாக்கில், அதாவது கம்பிக்கு வெளியே போதிய கான்கிரீட் இருக்கும்படி தள்ளிவைக்கும் கட்டைகளில் போடலாம்: கடல் தூறல் நேராகப் படும் முகப்புக்கு, கான்கிரீட் வேலைக்கான தர நிர்ணயமான ஐஎஸ் 456 கேட்பது 50 மி.மீ. கவர்.

கடலோரத் தேவனாம்பட்டினம் பக்கம் கம்பியை மணலில் போடாமல் கட்டைமேல் அடுக்கி மூடிவைக்க வேண்டும். சாக்கால் தேய்த்தால் உதிரும் செம்பொடி பற்றிக் கவலையில்லை. குழி விழுந்திருந்தால் ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் கிலோ: 12 மி.மீ.க்கு 888 கிராம். இந்த 12 மி.மீ. கம்பியில் லோடின் சராசரி 5 சதவீதம் வரை குறையலாம். அதற்கும் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள்.