ஆடாத ரெண்டு பேருக்கு 14.7 மில்லியன் டாலர்: ஐஸ் ஹாக்கியில சேலரி கேப் எப்படி வேலை செய்யுது

2012 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினம், மினசோட்டா வைல்ட்ங்கற ஐஸ் ஹாக்கி டீம் ஒரே நாள்ல ரெண்டு பெரிய ஆளுங்களை எடுத்தாங்க. ஃபார்வர்டு சாக் பரீசே, டிஃபென்ஸ்மேன் ரையன் சூட்டர். ஆளுக்கு 13 வருஷம், 98 மில்லியன் டாலர், ரெண்டு பேருக்கும் பைசா வித்தியாசம் இல்லாம ஒரே ஒப்பந்தம். ஒன்பது வருஷம் கழிச்சு, 2021 ஜூலை 13, அந்த ரெண்டு பேரையும் மறுபடியும் ஒரே நாள்ல வெளியே அனுப்பிட்டாங்க. ஆளுங்க போயிட்டாங்க, கணக்கு போகலை. வித்த பைக்குக்கு மாசாமாசம் இஎம்ஐ கட்டுற மாதிரி, எதிர் டீமுக்கு ஆடிட்டு இருந்த ரெண்டு பேருக்காக வைல்ட் தன்னோட சம்பள வரம்புல இடத்தை ஒதுக்கி வச்சுக்கிட்டே இருந்துச்சு, உச்சத்துல அது வருஷத்துக்கு 14.7 மில்லியன்.

சேலரி கேப்னா என்னன்னு புரிஞ்சுக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைச்சதே இல்ல. ஒரு டீம் தன்னோட டிஃபென்ஸை எப்படி கட்டுது, எங்க மாட்டுது, எப்படி வெளிய வருதுன்னு எல்லாமே இந்த ஒரே கதைக்குள்ள இருக்கு.

முதல்ல அடிப்படை. வைல்ட் ஆடுற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் என்எச்எல்ல 2004-05 சீசன் முழுசா நடக்கவே இல்ல, ஓனர்களுக்கும் ஆட்டக்காரங்களுக்கும் சம்பள வரம்பு பத்தின சண்டையில ஒரு மேட்ச் கூட ஆடாம வருஷமே போச்சு. அதுக்கப்புறம் வந்ததுதான் கேப். 2005-06ல ஒரு டீம் மொத்த சம்பளத்துக்கு 39 மில்லியனுக்கு மேல போகக்கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க, 2025-26ல அது 95.5 மில்லியன். லீகோட ஹாக்கி வருமானத்துல பாதி ஆட்டக்காரங்களுக்கு போகணும், அந்தக் கணக்குல இருந்துதான் இந்த வரம்பு வருது. கீழயும் ஒரு கோடு இருக்கு, 2025-26ல 70.6 மில்லியனாவது செலவு பண்ணியே ஆகணும்னு இருந்துச்சு. நம்ம ஐபிஎல் ஏலத்துல பர்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல, கிட்டத்தட்ட அதேதான், ஆனா இங்க மெகா ஏலம்னு எல்லாத்தையும் கலைச்சு புதுசா ஆரம்பிக்கிற வழியே கிடையாது. இன்னைக்கு போடுற கையெழுத்து எட்டு வருஷம் கழிச்சும் பர்ஸ்ல உக்காந்திருக்கும்.

அடுத்தது கேப் ஹிட். ஒருத்தருக்கு இந்த வருஷம் கையில எவ்ளோ குடுக்குறாங்கன்றது வேற, கேப்ல எவ்ளோ எழுதுறாங்கன்றது வேற. மொத்தத் தொகையை வருஷத்தால வகுத்தா வர்ற சராசரிதான் கேப் ஹிட். 98ஐ 13ஆல வகுத்தா 7.54 மில்லியன். ஆனா சூட்டருக்கு முதல் ரெண்டு வருஷம் கையில கிடைச்சது 12, 12, அப்புறம் 11, 11, அப்படியே இறங்கி கடைசி நாலு வருஷத்துக்கு 6, 2, 1, 1. ஏன் இப்படின்னா, கடைசியில ரொம்ப கம்மி சம்பளத்துல சில வருஷங்களை ஒட்ட வச்சா சராசரி கீழ வரும், இன்னைக்கு கேப்ல இடம் மிச்சமாகும், நாற்பது வயசுல ஆள் ரிட்டையர் ஆகிடுவார்னு ஒரு நம்பிக்கை. இதைப் பாத்த லீக் 2013ல ஆட்டக்காரங்க சங்கத்தோட புது ஒப்பந்தம் வந்தப்போ கதவை சாத்திருச்சு, சொந்த டீம்னா அதிகபட்சம் 8 வருஷம் வெளி டீம்னா 7 வருஷம்னு வச்சாங்க, அதோட பழைய நீளமான ஒப்பந்தக்காரங்க சீக்கிரம் ரிட்டையர் ஆனா அந்த மிச்சத்தை டீம்கிட்ட இருந்தே திருப்பி வசூலிக்கிற மாதிரி ஒரு அபராதமும் போட்டாங்க. வைல்ட் தலை மேல அந்தக் கத்தி தொங்கிட்டே இருந்துச்சு.

இப்ப பைஅவுட், அதாவது காசு குடுத்து ஒப்பந்தத்தை நடுவுலயே முறிக்கிற கணக்குக்கு வருவோம், கொஞ்சம் பொறுமையா பாருங்க, ரொம்ப அழகான கணக்கு இது. 2021ல சூட்டருக்கு பாக்கி சம்பளம் 6+2+1+1, அதாவது 10 மில்லியன். பைஅவுட் பண்ணா அதுல மூணுல ரெண்டு பங்கு குடுக்கணும், 6.67 மில்லியன். அதை பாக்கி இருக்கிற வருஷத்தைப் போல ரெண்டு மடங்கு காலத்துக்கு, அதாவது எட்டு வருஷத்துக்கு பிரிக்கணும், வருஷத்துக்கு 8,33,333 டாலர். இதோட முடிஞ்சிருந்தா பிரச்சினையே இல்ல. ஆனா கேப்ல எழுதுறப்போ, பழைய கேப் ஹிட் 7.54ல இருந்து அந்த வருஷம் டீம் நிஜமா எவ்ளோ மிச்சம் பண்ணுதோ அதை மட்டும்தான் கழிக்க விடுவாங்க. முதல் வருஷம் சம்பளம் 6, குடுக்குறது 0.83, மிச்சம் 5.17, அதனால கேப்ல 2.37 மட்டும். ரெண்டாவது வருஷம் சம்பளமே 2தான், மிச்சம் 1.17, கேப்ல 6.37. மூணாவது நாலாவது வருஷம் சம்பளம் 1, மிச்சம் வெறும் 0.17, கேப்ல 7.37. ரெண்டு பேருக்கும் சேர்த்தா 4.74, 12.74, 14.74, 14.74. அன்னைக்கு இடம் மிச்சம் பண்ண கடைசி வருஷங்களுக்கு வச்ச அதே 1 மில்லியன்தான் பத்து வருஷம் கழிச்சு கழுத்தைப் பிடிச்சுது.

அப்ப ஏன் பண்ணாங்கன்னு கேப்பீங்க, ரெண்டு பேரையும் வச்சிருந்தாலும் வருஷத்துக்கு 15.08 மில்லியன் கேப்ல போயிருக்கும், 2023-24ல மிச்சமானது வெறும் 0.34தானே. பதில் டிஃபென்ஸ்லதான் இருக்கு. அந்த மாசம்தான் சியாட்டில் புது டீமுக்காக எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட், அதாவது புது டீம் மத்த டீம்கள்ல இருந்து ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக்குற நாள், ஒவ்வொரு டீமும் சிலரை மட்டும்தான் காப்பாத்திக்க முடியும், சூட்டர் ஒப்பந்தத்துல அவரை எங்கயும் நகர்த்தக்கூடாதுன்னு ஷரத்து இருந்ததால அவரை கட்டாயம் காப்பாத்தணும். மூணு டிஃபென்ஸ்மேனுக்குத்தான் இடம். 36 வயசு சூட்டர் ஒரு இடத்தை எடுத்தா ஸ்பர்ஜன், ப்ரோடின், டும்பா மூணு பேர்ல ஒருத்தர் போயிருப்பார். பைஅவுட் பண்ணதால மூணு பேரும் தப்பிச்சாங்க, சியாட்டில் கார்சன் சூசியை எடுத்துட்டுப் போச்சு. ஜெனரல் மேனேஜர் பில் கெரின் எடுத்தது கொடூரமான முடிவுன்னு அப்ப நிறைய பேர் சொன்னாங்க, என்னைப் பொறுத்தவரைக்கும் அது தைரியமான முடிவு.

நேரம்தான் மோசம். கொரோனாவுல மைதானம் காலியா கிடந்ததால ஆட்டக்காரங்க தரப்பு ஓனர்களுக்கு ஒரு பில்லியன் டாலருக்கு மேல கடன்பட்டு நின்னுச்சு, அது அடையுற வரைக்கும் கேப் பெருசா ஏறவே இல்ல. மூணு சீசன் 81.5லயே நின்னுச்சு, அப்புறம் 82.5, 83.5. அந்த 83.5ல 14.74 போனா கையில 68.76. வேற மாதிரி சொல்றேன், கேப்டன் ஜாரட் ஸ்பர்ஜனோட கேப் ஹிட் 7.575, யோனாஸ் ப்ரோடினோடது 6, டீமோட தூண் மாதிரி இருந்த ரெண்டு டிஃபென்ஸ்மேனையும் சேர்த்தா கூட 13.575தான் வருது. ஆடாத ரெண்டு பேருக்கு அதைவிட அதிகமா போயிட்டு இருந்துச்சு. அந்த 2023-24ல வைல்ட் பிளேஆஃப் போகலை.

இந்த நெருக்கடியில டிஃபென்ஸை எப்படி மேம்படுத்துறது? விலை கம்மியான சின்னப் பசங்க, வேற வழியே இல்ல. டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் சின்னப் பசங்களை வரிசையா தேர்ந்தெடுக்குறதுல, வந்த பையனோட முதல் ஒப்பந்தத்துக்கு உச்சவரம்பு இருக்கு, எவ்ளோ பெரிய திறமைசாலியா இருந்தாலும் கேப்ல மில்லியனை ஒட்டித்தான் நிப்பான். 2022 ஜூன்ல, அந்த சீசன்ல 85 பாயிண்ட் (அடிச்ச கோலும் உதவின கோலும் சேர்த்து) எடுத்த கெவின் ஃபியாலாவை வச்சுக்க காசில்லாம லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு குடுத்தாங்க, அங்க அவருக்கு வருஷத்துக்கு 7.875 மில்லியன் கிடைச்சுது. பதிலுக்கு வந்தது ஒரு முதல் ரவுண்ட் பிக் (டிராஃப்ட்ல ஒருத்தரை எடுக்குற உரிமை), அப்புறம் யுனிவர்சிட்டி ஆஃப் மினசோட்டாவுல படிச்சிட்டு இருந்த ப்ராக் ஃபேபர்ங்கற உள்ளூர் பையன். அந்தப் பிக்ல எடுத்த ஸ்வீடன்காரப் பையன் லியாம் ஓக்ரென், பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவான்.

ஃபேபரோட கேப் ஹிட் 9,25,000 டாலர். 2023-24ல அந்தப் பையன் ஒரு மேட்சுக்கு கிட்டத்தட்ட 25 நிமிஷம் ஆடினான், 60 நிமிஷ ஆட்டத்துல. வழக்கமா ஆறு டிஃபென்ஸ்மேன் மூணு ஜோடியா மாறி மாறி இறங்குவாங்க, சராசரி 20 நிமிஷம்தான் வரும், கஷ்டமான நிமிஷமெல்லாம் முதல் ஜோடி தலையிலதான் விழும். அதுலயும் ஃபேபர் வலது கை ஸ்டிக். ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க இடது பக்க ஸ்டிக் பிடிக்கிறவங்க, வலது பக்கம் நிக்க வலது ஸ்டிக் ஆள் இருந்தாத்தான் பலகையை ஒட்டி வர்ற பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, நேரா வாங்கி உடனே வெளிய தள்ள முடியும், இல்லன்னா உடம்பைத் திருப்பி வாங்கணும், அந்த அரை நொடியில எதிராளி மேல வந்து விழுந்துடுவான். அதனால வலது டிஃபென்ஸ்மேனுக்கு எப்பவும் தட்டுப்பாடு. டும்பா 2023 கோடையில 6 மில்லியன் ஒப்பந்தம் முடிஞ்சு போனார், அந்த இடத்துல ஒரு மில்லியனுக்கும் கம்மியான ஒரு பையன் வந்து அவரைவிட நல்லா ஆடினான்னா அது கேப் உலகத்துல லாட்டரி.

சீசன் நடுவுல ஆள் எடுக்குறது தனிக் கலை. கேப்பை தினக்கணக்குல பாப்பாங்க, ஹாஸ்டல் மெஸ் பில் மாதிரி, சாப்பிட்ட நாளுக்கு மட்டும்தான் காசு. சீசன் சுமார் 190 நாள். முதல் நாள்ல இருந்து 1 மில்லியன் இடத்தை தொடாம வச்சிருந்தா, மார்ச்ல டிரேட் டெட்லைன், அதாவது டீம்கள் ஆள் மாத்திக்கிறதுக்கான கடைசி நாள், வரும்போது பாக்கி 40 நாள்தான் இருக்கும், அந்த 40 நாளுக்கு மட்டும் 4 மில்லியனுக்கு மேல கேப் ஹிட் உள்ள ஆளைக் கூட உள்ள கொண்டு வரலாம். அக்டோபர்ல ஒருத்தரை கம்மியா வச்சுக்கிட்டு சமாளிக்கிற டீம் மார்ச்ல ஒரு நல்ல டிஃபென்ஸ்மேனை வாங்குறது இப்படித்தான்.

அதோட இன்னொரு வழி, விக்கிற டீமே சம்பளத்துல பாதி வரைக்கும் தானே சுமந்துக்கலாம். 2024-25 வரைக்கும் மூணாவதா ஒரு டீம் உடனே நடுவுல வந்தா பாக்கியிலயும் பாதியை சுமக்கலாம்னு இருந்துச்சு. 2023 பிப்ரவரியில டிமிட்ரி ஓர்லோவ்ங்கற டிஃபென்ஸ்மேன் வாஷிங்டன்ல இருந்து பாஸ்டன் போனார், கேப் ஹிட் 5.1 மில்லியன், வாஷிங்டன் பாதியை வச்சுக்கிச்சு, நடுவுல வந்த டீம் கால்வாசியை வச்சுக்கிச்சு, பாஸ்டனுக்கு அவர் வெறும் 1.275 மில்லியனுக்கு கிடைச்சார். நடுவுல வந்தது யாருன்னா நம்ம வைல்டேதான், அதுக்குக் கூலி ஒரு அஞ்சாவது ரவுண்ட் பிக். கழுத்து வரைக்கும் டெட் கேப்ல (போன ஆளுங்களுக்காக கேப்ல அடைஞ்சு கிடக்குற இடம்) இருந்த டீம், சேத்து வச்ச சின்ன இடத்தை வாடகைக்கு விட்டு பிக் சம்பாதிச்சதைப் பாத்து எனக்கு மரியாதையே வந்துச்சு. அதே சீசன் மார்ச்ல ஜான் க்ளிங்பெர்க்கை அனஹைம் பாதி சுமக்க, 7 மில்லியன் ஆளை 3.5க்கு எடுத்தாங்க.

நீண்டகாலக் காயம் பத்தியும் சொல்லணும். ஒருத்தர் 10 மேட்ச், 24 நாள் ரெண்டுமே தாண்டி வெளிய இருந்தா அவர் இடத்துக்கு ஆள் எடுக்க கேப்பை மீறலாம். ஸ்பர்ஜன் 2023-24ல 16 மேட்ச்தான் ஆடினார், அந்த மாதிரி நேரத்துக்கு நியாயமான வசதி. ஆனா பிளேஆஃப்ல கேப் கணக்கே இல்லாம இருந்துச்சு, அதனால 2021ல டாம்பா பே டீமோட குச்செரோவ் ரெகுலர் சீசன் முழுக்க வெளிய இருந்துட்டு பிளேஆஃப் முதல் மேட்சுக்கு வந்து நின்னார், 32 பாயிண்ட், கப்பும் ஜெயிச்சாங்க. 2025-26ல இருந்து பிளேஆஃப்லயும் அன்னைக்கு இறங்குற ஆளுங்களோட மொத்தம் கேப்புக்குள்ள இருக்கணும். வரவேண்டிய விதி, தாமதமா வந்துச்சு.

2025-26 வைல்டுக்கு விடுதலை வருஷம். டெட் கேப் 14.74ல இருந்து 1.67க்கு விழுந்துச்சு, அதே நேரம் கேப் 88ல இருந்து 95.5க்கு ஏறுச்சு, ஒரே கோடையில 20 மில்லியனுக்கு மேல இடம். ஃபேபரோட 8 வருஷ 68 மில்லியன் ஒப்பந்தமும் சரியா அந்த சீசன்லதான் தொடங்குச்சு. 2023 ஏப்ரல்ல காலேஜ் ஃபைனல் முடிஞ்ச கையோட அவனை உள்ள கொண்டு வந்து ரெண்டே ரெண்டு ரெகுலர் சீசன் மேட்ச் ஆட வச்சாங்க, அதுலயே முதல் ஒப்பந்தத்தோட ஒரு வருஷம் கழிஞ்சிருச்சு, கம்மி விலை வருஷங்கள் டெட் கேப் வருஷங்களோட அச்சா ஒட்டிப் போச்சு.

2025 டிசம்பர் 12ஆம் தேதி வான்கூவர் கேப்டன் க்வின் ஹியூஸை எடுத்தாங்க. 2024ல சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் டிராஃபி வாங்கினவர், கேப் ஹிட் 7.85தான், ஆனா 2027ல ஒப்பந்தம் முடியுது. குடுத்தது மார்கோ ரோசி, டிஃபென்ஸ்மேன் ஸீவ் பியூயம், 2026 முதல் ரவுண்ட் பிக், அப்புறம் ஓக்ரென். ஆமா, ஃபியாலாவுக்கு பதிலா வந்த அதே பிக். ரோசிக்கு 5 மில்லியன், மத்த ரெண்டு பசங்களும் ஆளுக்கு மில்லியனுக்குள்ள, ஆக வெளிய போனது 7க்கு கொஞ்சம் கம்மி, உள்ள வந்தது 7.85. லீகோட தலைசிறந்த டிஃபென்ஸ்மேன்கள்ல ஒருத்தரை எடுக்க கேப்ல கூடுதலா ஆனது ஒரு மில்லியன்தான், நிஜ விலை கொடுத்தது பியூயம் மாதிரி ஒரு பையனோட அடுத்த பத்து வருஷம்.

2026-27ல வைல்டோட ஃபார்வர்டு கிரில் கப்ரிசோவோட புது ஒப்பந்தம் தொடங்குது, வருஷத்துக்கு 17 மில்லியன். அதுக்குப் பக்கத்துல ஹியூஸுக்கும் இடம் கண்டுபிடிக்கணும். அந்தக் கணக்குத் தாள்ல கீழ ரெண்டு வரி இன்னும் அப்படியே இருக்கு, பரீசே 8,33,333, சூட்டர் 8,33,333, 2028-29 சீசன் வரைக்கும்.