எழுதித் தரச் சொல்லாதீர்கள், சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்

கோபத்தில் தட்டிய செய்தியை அனுப்பும் முன், "இதைக் கனிவாக மாற்றிக் கொடு" என்று சாட்ஜிபிடியிடம் கேட்கும் பழக்கம் அலுவலகங்களில் பரவிவருகிறது. நல்ல பழக்கம்தான். கேட்கும் முறையில்தான் கோளாறு.

ஒரு டீம் லீடர் இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்: "எத்தனை தடவை சொல்றது? ஒரு ரிப்போர்ட்கூட ஒழுங்கா அனுப்ப முடியாதா உங்களால?" மாற்றித் தரச் சொன்னால், "தாமதத்தைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்" என்பதுபோல ஒன்று வரும். திட்டு போய்விட்டது; கூடவே பேசிய ஆளும் போய்விட்டார். தினமும் சேர்ந்து டீ குடிப்பவரிடமிருந்து இது வந்தால், மெமோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் செய்தியைப் பெறுபவர் பயப்படுவார்.

பதிலாக, "இந்தச் செய்தி எனக்கு வந்தது. எந்தச் சொல் குத்துகிறது, ஏன்? மாற்றி எழுத வேண்டாம்" என்று கேளுங்கள். 'எனக்கு வந்தது' என்பது முக்கியம். எழுதியவர் நீங்கள் என்று தெரிந்தால் இந்தக் கருவிகள் உங்கள் பக்கம் சாயக்கூடும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாடலுக்கு வந்த ஒரு புதுப்பிப்பை, அதைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனம் திரும்பப் பெற்றதற்கே, அது எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டதுதான் காரணம். இப்படிக் கேட்டால், 'எத்தனை தடவை', 'ஒரு ரிப்போர்ட்கூட', 'முடியாதா உங்களால' என்ற மூன்றும் வேலையை விட்டுவிட்டு ஆளின் திறமையைத் தாக்குவது கண்ணில் படும். அவற்றை எடுத்துவிட்டு நீங்களே எழுதுங்கள்: "ரிப்போர்ட் இன்னும் வரலை. 11 மணி மீட்டிங்குக்கு வேணும். எங்கயாவது சிக்கிக்கிச்சா? சொல்லுங்க, பார்த்துக்கலாம்." வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள். கருவியில் ஒட்டும்போது பெயர், போன் நம்பர், சம்பள விவரம் எதுவும் வேண்டாம்.

மனிதர் எழுத, கருவி பக்கத்தில் இருந்து யோசனை சொல்லும் முறைக்கு ஆதாரமும் உண்டு. டாக்லைஃப் என்ற மனநல ஆதரவுத் தளத்தில் ஆறுதல் சொல்லும் 300 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கருவி யோசனை சொன்னது; ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் விருப்பம். யோசனை பெறாதவர்களின் பதில்களைவிட அவர்களுடைய பதில்களில் பரிவு 19.6 சதவீதம் கூடுதலாக இருந்தது.

புது யோசனை தேடும்போதும் இதே வழிதான், ஆனால் இங்கே ஆபத்து வேறு. 2024-இல் ஆய்வாளர்கள் அனில் தோஷியும் ஆலிவர் ஹவுசரும் வெளியிட்ட ஆய்வில், ஏஐ யோசனை பெற்றவர்களின் குறுங்கதைகள் தனித்தனியாக நன்றாக இருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. விளம்பர வாசகமோ பள்ளி விழா நிகழ்ச்சியோ, கருவியைத் திறக்கும் முன் உங்கள் யோசனை ஐந்தைத் தாளில் எழுதிவிடுங்கள். பிறகு கருவியிடம் இருபது கேளுங்கள். முதலில் வருபவை பெரும்பாலும் எல்லாருக்கும் வருபவை, அடித்துவிடலாம். "பட்ஜெட் 2,000 ரூபாய், மைக் கிடையாது, ஐம்பது குழந்தைகளும் மேடை ஏற வேண்டும்" என்று கட்டுப்பாடு போட்டால்தான் உருப்படியானது வரும். கடைசியாக, உங்கள் ஐந்தில் பிடித்ததைக் கொடுத்து, "இது எங்கே சொதப்பும்?" என்று கேளுங்கள்.

இரங்கல் செய்திக்கும் மன்னிப்புக்கும் மட்டும் கருவி வேண்டாம். போன் போட்டுப் பேசிவிடுங்கள்.