‘கிளஸ்டர்’ என்பதற்குத் தமிழில் எது தகும்? தொழில் திரள்

நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, வளர்த்து, பின்னர் விற்கும் தனியார் பங்கு முதலீட்டைப் (பிரைவேட் ஈக்விட்டி) பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும் ‘கிளஸ்டர்’ என்ற சொல், ஒரே தொழிலையோ அதைச் சார்ந்த தொழில்களையோ செய்யும் பல நிறுவனங்கள் ஒரு வட்டாரத்தில் அருகருகே அமைந்து, தமக்குள் போட்டியிட்டுக்கொண்டே ஒன்றையொன்று நம்பியும் இருக்கும் நிலையைக் குறிக்கிறது. இத்தாலியில் சசுவோலோவின் செராமிக் டைல்ஸ் தொழிலும் பிராட்டோவின் துணித் தொழிலும் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள்.

ஆங்கிலத்தில் இது பழஞ்சொல். திராட்சை போன்றவற்றின் குலையைக் குறித்து வந்தது. உறைந்த கட்டியைக் குறிக்கும் ‘கிளாட்’ என்ற சொல்லோடு இதற்கு வேர்வழி உறவு இருக்கக்கூடும் என்று சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. பொருளியலுக்குள் கருத்து முதலில் வந்தது, சொல் பின்னால்தான் வந்தது. ஒரு தொழில் ஓரிடத்தில் நெடுங்காலம் நிலைத்தால் அதன் நுட்பங்கள் மறைபொருளாக இராமல் காற்றிலேயே கலந்துவிடுகின்றன என்று 1890-இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதினார். ‘கிளஸ்டர்’ என்ற பெயரைப் பரப்பியவர் அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர். 1990-இல் வந்த அவருடைய ஆய்வுக்குப் பிறகே அரசுகளும் முதலீட்டாளர்களும் இச்சொல்லைக் கையாளத் தொடங்கினர்.

தமிழில் இதற்குக் குழுமம், தொகுப்பு, கொத்து எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘குழுமம்’ முதலீட்டுத் துறையில் பெருங்குழப்பம் விளைவிக்கும். ஒரே உடைமையாளரின் கீழுள்ள பல நிறுவனங்களைத்தான் நாம் குழுமம் என்கிறோம். கிளஸ்டரிலோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி உடைமையாளர் உண்டு. தனியார் பங்கு நிறுவனங்களை அங்கே ஈர்ப்பதே அந்த வேறுபாடுதான். குடும்பங்கள் நடத்தும் சிறு நிறுவனங்கள் பல அருகருகே இருக்கும்போது, முதலில் ஒன்றை வாங்கி, பிறகு அண்டையிலுள்ளவற்றை அதனோடு இணைத்துப் பெரிதாக்க முடிகிறது. தேர்ந்த தொழிலாளர்களும் உதிரிப்பொருள் தருவோரும் அங்கேயே கிடைக்கின்றனர். பின்னாளில் பங்கை விற்று வெளியேறும்போது அத்தொழிலை நன்கறிந்த வாங்குநரும் அமைகிறார். எடுத்துக்காட்டாக, சசுவோலோவின் டைல்ஸ் நிறுவனமான மராட்ஸியில் 2008-இல் பெர்மிரா என்ற தனியார் பங்கு நிறுவனம் முதலிட்டது. 2013-இல் தரைவிரிப்பு, டைல்ஸ் துறையின் அமெரிக்கப் பெருநிறுவனமான மோஹாக் மராட்ஸியை வாங்கிக்கொண்டது. குழுமம் இங்கே முதலீட்டின் விளைவாகப் பிறக்கக்கூடியது; முதலீட்டுக்கு முன்பிருந்த நிலைக்கும் அதே பெயரை இட்டால் வாசகர் எதைப் பற்றிப் படிக்கிறார் என்றே தெரியாமல் போகும்.

‘தொகுப்பு’ என்றால் தொகுத்தவர் ஒருவர் உண்டு என்று பொருள்படும். திட்டமிட்டு அமைக்கப்படும் தொழிற்பேட்டைக்கு அது பொருந்தலாம், தானாக வளர்ந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. ‘கொத்து’ குலை என்ற மூலப்பொருளுக்கு மிக நெருங்கியதுதான். ஆனால் உழைப்பாளிக்குக் கூலியாக அளந்த தானியத்துக்கும் கொத்து என்று பெயர் இருந்ததால், தொழில் என்ற சொல்லோடு சேரும்போது கொத்தடிமையின் நினைவையும் கூடவே கொண்டுவருகிறது.

எனவே ‘திரள்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். மக்கள் திரள்கின்றனர், வெண்ணெய் திரள்கிறது. கூடுதல், கட்டியாதல் ஆகிய இரு பொருளும் இந்த ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. மேலும் இது தன்வினை. இதன் பிறவினை ‘திரட்டு’. முதலீட்டாளர் நிதியைத் திரட்டுகிறார், தொழில் தானே திரள்கிறது என்று இரண்டையும் ஒரே வேரிலிருந்து பிரித்துக் காட்டும் வாய்ப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. வானியலில் விண்மீன் பேரடையையும் (கேலக்ஸி) சிலர் திரள் என்பதுண்டு. துறை வேறாதலால் மயக்கம் நேராது.

இலக்கணப்படி புணர்த்தினால் ‘தொழிற்றிரள்’ என்றாகும். படிப்போர் தடுமாறாதிருக்கத் ‘தொழில் திரள்’ என்று பிரித்தே எழுதலாம். இடத்தை வலியுறுத்த வேண்டிய இடங்களில் ‘வட்டாரத் தொழில் திரள்’ என்பது போதும்.