கீழ்விரி பட்டியலில் தெரிவுகளை நீக்குதல்: ஒரு சொல் விளக்கம்

இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியைத் தொட்டவுடன் அதன் அடியில் பெயர்கள் வரிசையாக விரிய, அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளும் அமைப்பைப் பேச்சில் டிராப்டவுன் மெனு என்கிறோம். மெனு பிரெஞ்சு வழியாக வந்த சொல். சிறியது, நுணுக்கமானது என்று பொருள்படும் லத்தீன் மூலத்திலிருந்து பிறந்து, உணவகத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கும் அட்டைக்குப் பெயராகி, பின்னர் கணினிக்கு வந்தது. கணித்தமிழில் இதற்குப் ‘பட்டி’ என்ற சொல் வழங்குகிறது. பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடத்தையும் சிற்றூரையும் குறிக்கும் பழஞ்சொல்; நீலகிரியில் படகர் தம் ஊரை ‘ஹட்டி’ என்பது இதன் உறவுச் சொல்லே, தும்மனட்டி போன்ற ஊர்ப்பெயர்களில் அது இன்றும் ஒலிக்கிறது.

ஆயினும், சேமி, அச்சிடு என்பன போன்ற கட்டளைகள் அடங்கியதைப் பட்டி என்றும், படிவத்தில் ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுக்க உதவுவதைப் பட்டியல் என்றும் பிரித்துச் சொல்வதே தெளிவு என்பது என் கருத்து. இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்.-இன் 1995 நவம்பரில் வெளியான 2.0 வரையறையிலேயே இடம்பெற்ற ‘செலக்ட்’ என்னும் உறுப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எனவே ‘கீழ்விரி பட்டியல்’ என்பது அதற்குப் பொருத்தமான பெயர். விரி பட்டியல் வினைத்தொகை ஆதலால் இடையில் ‘ப்’ மிகாது என்பதையும் எழுதுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

பட்டியலுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ‘ஆப்ஷன்’. தேர்தல், விரும்புதல் என்னும் இரு பொருளும் உடைய லத்தீன் வினையிலிருந்து வந்ததால் அதை ‘விருப்பம்’, ‘விருப்பத்தேர்வு’ என்றெல்லாம் பெயர்த்தனர். ஊரையோ தொடர்வண்டி நிலையத்தையோ குறிப்பதில் விருப்பத்துக்கு வேலையில்லை. ‘தெரிவு’ என்பதே போதும். தெரிதல் என்பதற்கு ஆராய்ந்து தேர்தல் என்ற பொருள் பழையது. குறளின் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத் தலைப்பே அதற்குச் சான்று. ஆனால் ‘தெரிவு நீக்கம்’ என்று சுருக்கினால், எடுத்த ஒன்றைக் கைவிடுவதாகவும் பொருள்பட்டுவிடும் என்பதால் ‘தெரிவுகளை நீக்குதல்’ என விரித்து எழுதுவதே நல்லது.

‘நீக்கு’ என்பது ‘நீங்கு’ என்னும் தன்வினையின் பிறவினை. தெரிவு தானாக நீங்குவதில்லை. இணையப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில் எழுதிய நிரல் அதை நீக்குகிறது. இதனோடு குழப்பப்படும் சொற்கள் இரண்டு உள்ளன. ‘முடக்குதல்’ என்றால் தெரிவு மங்கலாகக் கண்ணில் படும், எடுக்க முடியாது. ‘மறைத்தல்’ என்றால் கண்ணில் படாது, ஆனால் பட்டியலில் அதன் இடம் அப்படியே இருக்கும். நீக்கினால் இடமும் போய்விடும், அதன் பின்னுள்ளவை ஒவ்வோர் எண் முன்னேறும்.

இந்த வேறுபாட்டின் விளைவை நீலகிரி மலை ரயிலை வைத்துக் காட்டலாம். பருவமழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம், குன்னூர் இடையே வண்டி நிறுத்தப்பட்டு, குன்னூர், உதகை இடையே மட்டும் ஓடுவதுண்டு. குன்னூர் மாணவர் ஒருவர் தம் பயணத் தகவல் பக்கத்தில் மேட்டுப்பாளையம், கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று பட்டியல் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கணினி 0 முதல் எண்ணும். ஆகவே அவர் நீக்க வேண்டியவை 0, 1, 2, 3 ஆகிய எண்களில் உள்ள நான்கு நிலையங்கள்.

அந்த எண்களை வரிசையாகக் கொடுத்து நீக்குவதற்கான ‘ரிமூவ்’ கட்டளையை ஓடவிட்டால் முதலில் மேட்டுப்பாளையம் நீங்கும். உடனே கல்லாறு 0 ஆகிவிட, 1 என்ற எண்ணில் ஹில்குரோவ் அகப்படும். அடுத்து 2 என்ற எண்ணில் இருப்பது குன்னூர். அதற்கடுத்து 3 என்ற எண்ணில் அருவங்காடு. முடிவில் வண்டி போகாத கல்லாறும் ரன்னிமேடும் பட்டியலில் நிற்கும், வண்டி போகும் குன்னூரும் அருவங்காடும் காணாமற்போகும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இது எளிதில் கண்ணில் படுவதில்லை. 3, 2, 1, 0 என்று கடைசியிலிருந்து நீக்கிவந்தால் இந்தச் சிக்கல் எழாது, ஏனெனில் இனி நீக்க வேண்டியவற்றின் எண்கள் மாறுவதில்லை. எண்ணை நம்பாமல், நிலையத்தைக் குறிக்கும் மதிப்பைக் கொண்டு தெரிவைக் கண்டறிந்து அதையே நீக்குவது இன்னும் உறுதியான வழி. அடைப்புக்குறிக்குள் எண்ணே தராமல் பட்டியலின் மீது ‘ரிமூவ்’ அழைத்தால் பட்டியல் முழுவதுமே பக்கத்திலிருந்து அகன்றுவிடும். தெரிவுகளை மட்டும் ஒட்டுமொத்தமாகக் காலிசெய்ய அவற்றின் நீளத்தை, அதாவது எண்ணிக்கையை, 0 ஆக்குவது வழக்கம்.

பயணி முன்னரே மேட்டுப்பாளையத்தைத் தெரிந்தெடுத்திருக்கையில் அது நீக்கப்பட்டால், வழக்கமான ஒற்றைத் தெரிவுப் பட்டியலில் எஞ்சியவற்றுள் முடக்கப்படாத முதல் தெரிவை உலாவி (பிரௌசர்) தானே எடுத்துக்கொள்ளும். அதாவது குன்னூர் வந்து அமரும். மாற்றம் நிகழ்ந்ததற்கான அறிவிப்பும் நிரலுக்கு வராது. அவர் கேட்காத நிலையத்தை அவர் பெயரில் அனுப்புவது பெரும் பிழை என்பதால், பட்டியலின் தலையில் ‘நிலையத்தைத் தெரிவு செய்க’ என்ற வெற்று மதிப்புள்ள வரி ஒன்றை வைத்து, நீக்கிய பின் அதற்கே திரும்பச் செய்ய வேண்டும். மேலும், உலாவியில் நீக்கியது அந்தத் திரையில் மட்டுமே நீங்குகிறது. பக்கத்தை மாற்றியமைத்து எவரும் பழைய மதிப்பை அனுப்பக்கூடும் என்பதால், அதைப் பெறும் வழங்கியும் (சர்வர்) தன் பங்குக்குச் சரிபார்த்து அதே நான்கு நிலையங்களை மறுக்க வேண்டும்.